பழைய மெஷினிஸ்ட் மரப்பெட்டி: அடையாளம் காண்பதும் சீர்படுத்துவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பழைய மெஷினிஸ்ட் பெட்டியைச் சீர்படுத்தி நண்பர்களுக்குக் காட்டினேன். அன்றிலிருந்து யாருக்கு இந்த மாதிரி பெட்டி கிடைத்தாலும் எனக்குத்தான் போட்டோ வருகிறது. கேள்விகளும் ஏறக்குறைய அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

மெஷினிஸ்ட் பெட்டின்னா என்ன? தச்சர் பெட்டியிலிருந்து எப்படி வேறுபடுது?

தச்சர் பெட்டி ஆழமானது. ரம்பம், இழைப்புளி எல்லாம் உள்ளே போக வேண்டும். லேத், மில்லிங் இயந்திரங்களில் வேலை பார்த்தவருக்கு இடம் தேவைப்பட்டது மைக்ரோமீட்டர், வெர்னியர், மூலைமட்டம், டயல் கேஜ் போன்ற அளவுக் கருவிகளுக்கு. அவை சின்னவை, அடிபடக் கூடாதவை. அதனால் இந்தப் பெட்டியில் ஆழம் குறைந்த இழுப்பறைகள் வரிசையாக இருக்கும், உள்ளே பச்சை ஃபெல்ட் ஒட்டியிருக்கும், தூக்கிப் போக மேலே கைப்பிடி இருக்கும். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இந்தக் கருவிகளைத் தொழிலாளியே சொந்தக் காசில் வாங்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். அந்தச் சொத்தைப் பூட்டி வைக்கத்தான் பெட்டி.

இதன் அழகே முன்பலகைதான். வேலை நேரத்தில் அதைக் கழற்றி, அடி இழுப்பறைக்குக் கீழே இருக்கும் ஒடுக்கமான சந்துக்குள் தள்ளிவிடுவார்கள். வேலை முடிந்ததும் வெளியே இழுத்து நிமிர்த்தி நிறுத்தி, மூடியைச் சாத்தினால் மூடியின் விளிம்பு பலகையைப் பிடித்துக்கொள்ளும். மூடியைப் பூட்டினால் அத்தனை இழுப்பறையும் பூட்டியதாகிவிடும்.

என்னுடையது பல் டாக்டர் அலமாரின்னு ஒருத்தர் அடிச்சு சொல்றாரு. எப்படி உறுதி பண்றது?

முதலில் அந்தச் சந்தைத் தேடுங்கள். அடியில் ஒரு பலகை நுழையும் இடைவெளி இருந்தால் பாதி உறுதி. பல் மருத்துவருடைய அலமாரி ஒரே இடத்தில் நிற்கும் தளவாடம், அதற்குத் தூக்குகிற கைப்பிடி தேவையில்லை. அடுத்து, நடுவில் மற்றவற்றைவிட உயரமான, கிட்டத்தட்ட சதுர முகம் கொண்ட ஓர் இழுப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். 1914-இல் முதல் பதிப்பு வந்த ‘மெஷினரிஸ் ஹேண்ட்புக்’ என்ற தடிமனான கையேட்டுக்காக ஒதுக்கிய இடம் அது. பட்டறையில் எல்லாரும் வைத்திருந்த புத்தகம்.

இதெல்லாம் போக, மூக்கைக் கொஞ்சம் உள்ளே விட்டுப் பாருங்கள். இயந்திர எண்ணெய் வாசனை பல் டாக்டரிடம் இருந்து வந்திருக்காது.

யார் செய்ததுன்னு எங்கே எழுதியிருக்கும்?

மூடியின் உள்பக்கம், முன்பலகை, பெட்டியின் முன்விளிம்பு ஆகிய மூன்று இடங்களையும் பாருங்கள். உலோகச் சின்னம் அறைந்திருப்பார்கள், அல்லது தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம் ஒட்டியிருப்பார்கள். சின்னம் விழுந்துபோயிருந்தாலும் இரண்டு ஆணித் துளைகளும், நடுவே வெளிறாமல் தங்கிய மரத்தின் நிறமும் தெரியும். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் அந்த நிழல் எழும்பும்.

அதிகம் அகப்படும் பெயர் கெர்ஸ்ட்னர். ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் 1906-இல் ஹாரி கெர்ஸ்ட்னர் தொடங்கிய நிறுவனம், இன்றும் மரப்பெட்டி செய்கிறது. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் இருந்த யூனியன், ஒஹாயோவின் ஸ்வான்டனில் இருந்த பில்லியட் ஆகியவையும் பழைய பெயர்கள்தான். பழுப்பு நிறத்தில் சுருக்கம் விழுந்த பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி என்றால் அது பெரும்பாலும் கென்னடி. அது வேறு கதை, இந்தப் பக்கத்தில் வராது.

ஒரு எச்சரிக்கை. பூட்டில் ‘கார்பின்’ என்றோ ‘ஈகிள்’ என்றோ இருந்தால் அது பூட்டு செய்தவருடைய பெயர். ‘என்னிடம் அபூர்வமான கார்பின் பெட்டி இருக்கிறது’ என்று எழுதியவர்கள் மட்டும் நாலைந்து பேர் இருப்பார்கள்.

எந்தப் பெயரும் இல்லை. அப்போ மதிப்பு இல்லாத பெட்டியா?

அப்படி இல்லை. வீட்டிலோ பட்டறையிலோ தாங்களே செய்துகொண்டவர்கள் ஏராளம். குறிப்பாக, வார்ப்புக்கு மர அச்சு செய்கிற பேட்டர்ன் மேக்கர்களுக்கு மரவேலை கைவந்த கலை. இழுப்பறை மூட்டுகளைப் பாருங்கள். விரல்களைக் கோத்த மாதிரி ஒரே அகலத்தில் பற்கள் வரிசையாக வந்தால் இயந்திரத்தில் வெட்டியது. புறாவால் மூட்டாக இருந்து, பற்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசப்பட்டு, பக்கத்தில் கத்தி முனையால் கீறிய அடையாளக் கோடும் இருந்தால் கையால் செய்தது. விற்பவர்கள் நிறுவனப் பெயருக்குத்தான் விலை சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இந்தப் பெயரில்லாத பெட்டிகள்தான்.

எந்த வருஷத்துப் பெட்டின்னு துல்லியமா சொல்ல முடியுமா?

வருஷமாகச் சொல்வது கஷ்டம், காலகட்டத்தைச் சொல்லலாம். திருகுகளைப் பாருங்கள். கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் திருகுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது 1936-இல். அந்தத் திருகு ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்திருந்தால் பெட்டி அதற்குப் பிந்தியது. ஒற்றைக் கோடு திருகு இருந்தால் மட்டும் பழையது என்று முடிவு கட்ட முடியாது, அது பின்னாலும் நீண்ட காலம் புழங்கியது. மூலைத்தகடு மஞ்சள் சாயல் வெள்ளையாக இருந்தால் நிக்கல், நீலச் சாயல் அடித்தால் குரோமியம். குரோமிய முலாம் பரவலானது 1920-களின் இறுதிக்குப் பிறகுதான்.

பூட்டில் காப்புரிமைத் தேதி பொறித்திருந்தால், பெட்டி அந்தத் தேதிக்கு முன்னால் செய்யப்பட்டதல்ல என்பது மட்டும்தான் பொருள். இருபது வருஷம் கழித்துகூட அதே அச்சில் பூட்டு அடித்திருப்பார்கள். இழுப்பறைகளை முழுக்க வெளியே எடுத்து அடிப்பக்கத்தைப் பார்க்க மறக்காதீர்கள். பென்சிலில் எழுதிய தேதியோ, அடியில் விரித்த செய்தித்தாளோ கிடைத்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இது ஓக் மரமா? ரேகை குறுக்கே பளபளன்னு ஓடுதே, அது கீறலா?

கீறல் இல்லை, அதுதான் ஓக்கின் முத்திரை. அடிமரத்தை நான்காகப் பிளந்து, மையத்திலிருந்து வெளிப்பட்டையை நோக்கிய வாக்கில் அறுத்தால் மரத்தின் கதிர்த்திசுக்கள் பலகை முகத்தில் வெள்ளித் துண்டுகள் போலத் தெரியும். இப்படி அறுத்த பலகை ஈரம் குடித்து உப்புவது, சாதாரணமாக அறுத்த பலகை உப்புவதில் சுமார் பாதிதான். இழுப்பறை சிக்காமல் ஓடத்தான் இந்தச் செலவு, அழகு கூடவே வந்தது.

வால்நட், மகோகனி, செர்ரியிலும் பெட்டிகள் உண்டு. கருப்பு ரெக்சின் மாதிரியான துணி ஒட்டியதும் உண்டு. அந்தத் துணியை உரித்தால் அழகான மரம் வரும் என்று ஆசைப்பட வேண்டாம், மறைக்கிற மரத்துக்கு யாரும் நல்ல பலகை போட மாட்டார்கள்.

மேலே என்ன பூச்சு இருக்குன்னு தெரியல. எப்படி கண்டுபிடிக்கறது?

பின்பக்கம் கண்ணில் படாத ஒரு மூலையில், பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு அரை நிமிஷம் வையுங்கள். பிசுபிசுத்தால் ஷெல்லாக், அதாவது நம் அரக்குப் பூச்சு. அசையவில்லை என்றால் பக்கத்து இடத்தில் லாக்கர் தின்னரைத் தொட்டுப் பாருங்கள். அதற்கு இளகினால் லாக்கர், அதாவது தின்னரில் கரையும் பூச்சு. இரண்டுக்கும் மசியாவிட்டால் எண்ணெய் வார்னிஷ், அல்லது பின்னால் யாரோ அடித்த பாலியூரித்தேன். இந்த இரண்டு நிமிஷ வேலையைச் செய்யாமல் எதையும் தொடங்காதீர்கள். இதன் விடை கீழே பல இடங்களில் தேவைப்படும்.

எல்லாத்தையும் சுரண்டிட்டு புதுசா வார்னிஷ் அடிச்சா பளிச்சுன்னு ஆயிடுமே சார்?

ஆகிவிடும். அப்புறம் அது புதுப் பெட்டி. நான் ஒரு பெட்டியை அப்படிக் கெடுத்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன். நடு இழுப்பறையின் குமிழுக்குக் கீழே, கட்டைவிரல் பட்டுப் பட்டு மரம் பிறை வடிவில் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. உப்புத்தாளை எடுத்து ஐந்து நிமிஷத்தில் அதைச் சமப்படுத்திவிட்டேன். ஒருத்தர் முப்பது நாற்பது வருஷமாகத் திறந்து மூடிய தடம் தூசியாகப் போயிற்று.

நீங்கள் ‘பூச்சு கெட்டுவிட்டது’ என்று நினைப்பது பாதிப் பெட்டிகளில் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்த படலம்தான். மினரல் டர்பன்டைனில் நனைத்த பருத்தித் துணியால் துடையுங்கள். துணியில் பழுப்பு வருவது நிற்கும் வரை புதுத்துணி மாற்றி மாற்றித் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, பிறகு பாருங்கள். மெழுகு மட்டும் போதும் என்று பெரும்பாலும் தோன்றும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?

போட்டோ எடுங்கள். பிறகு ஒவ்வொரு இழுப்பறையின் பின்பக்கமும் பென்சிலால் எண் போடுங்கள். ஒரே அளவாகத் தெரிகிற இரண்டு இழுப்பறைகள் இடம் மாறினால் ஓடாது. அந்தந்தப் பொந்துக்கு ஏற்ப இழைத்துப் பொருத்தியவை அவை.

உள்ளே கிடப்பதை எதையும் குப்பையில் போடாதீர்கள். எண் பொறித்த, துளையிட்ட பித்தளை வில்லை கிடைத்தால் அது டூல் செக். தொழிற்சாலைக் கருவி அறையில் ஒரு கருவியை வாங்கும்போது தன் எண் உள்ள வில்லையை ஆணியில் மாட்டிவிட்டு வர வேண்டும், கருவியைத் திருப்பித் தந்தால் வில்லை திரும்ப வரும். அந்த எண்ணும் பெட்டியில் பொறித்த பெயரும் சேர்ந்தால்தான் பெட்டிக்கு வரலாறு.

பெட்டியைத் திறந்தாலே எண்ணெய் நாத்தம் தூக்குது. வெயில்ல வைக்கலாமா?

நேர் வெயில் வேண்டாம். மரம் வெடிக்கும், பூச்சு சுருங்கும். இழுப்பறைகளை உருவி நிழலில் காற்றோட்டமாக ஒரு வாரம் பரப்பி வையுங்கள். நாற்றத்தின் பெரும்பகுதி ஃபெல்ட்டில் இருக்கும், பூச்சில்லாத உள்மரத்திலும் ஊறியிருக்கும். எண்ணெய் ஊறிய இடத்தில் முல்தானி மட்டியை டர்பன்டைனில் குழைத்து அப்பி, காய்ந்ததும் துலக்கி எடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் நன்றாக இழுத்துவிடும். மிச்சத்தை மூடி அடைக்க உள்மரத்துக்கு மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை நீர்க்கக் கரைத்து ஒரு கை பூசலாம்.

மூலைத்தகடு இருந்த இடத்துல மரம் கருநீலமா ஆயிருக்கு. பூஞ்சையா?

ஓக்கில் டானின் அதிகம். இரும்பும் ஈரமும் அதோடு சேர்ந்தால் மை மாதிரிக் கருக்கும். ஒரு காலத்தில் மையே இப்படித்தான் செய்தார்கள். ஆக்சாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து, கறை உள்ள இடம் முழுக்கத் தடவி, வெளுத்ததும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை துடைத்தெடுங்கள். அமிலம் பூச்சில்லாத மரத்தில்தான் வேலை செய்யும். அது விஷம். கையுறை போடுங்கள், காய்ந்த பொடி மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே காரணத்துக்காக ஓக்கின்மேல் இரும்புக் கம்பிப் பஞ்சைப் போட்டுத் தேய்க்காதீர்கள். உடைந்த இழை ஒன்று ரேகைக்குள் தங்கினாலும் அடுத்த மழைக்காலத்தில் கரும்புள்ளியாக எழுந்து வரும்.

இழுப்பறை இறுகிப்போய் வரவே மாட்டேங்குது. கொஞ்சம் இழைச்சு விடலாமா?

இழைப்புளியை உள்ளே வையுங்கள். ஈரமான மாதத்தில் இறுகும் இழுப்பறை வறண்ட மாதத்தில் தானே தளரும். இப்போது இழைத்தால் அப்போது கடகடவென ஆடும். முதலில் வேறு காரணம் தேடுங்கள்: மேல் இழுப்பறையின் அடிப்பலகை பாரத்தில் தொய்ந்திருக்கலாம், ஓர் ஆணி தலையை நீட்டியிருக்கலாம், எண் மாறி நுழைத்திருக்கலாம். எல்லாம் சரி என்றால் ஓடுபாதையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள், போதும்.

மூட்டு விட்டுப்போச்சு. மரப்பசை போட்டு கிளாம்ப் பண்ணிட்டேன், மறுபடியும் விட்டுடுச்சு. ஏன்?

பழைய பசை வச்சிரம். விலங்குத் தோலும் எலும்பும் காய்ச்சிச் செய்தது. அதன்மேல் வெள்ளைப் பசை பிடிக்காது. ஆனால் புது வச்சிரத்தைச் சூடாகப் பூசினால் பழையதையும் இளக்கிக்கொண்டு ஒன்றாகிவிடும். வச்சிரம்தானா என்று பார்க்க ஒரு சொட்டு வெந்நீர் விட்டு விரலால் தொடுங்கள், பிசுபிசுக்கும். இப்போது நீங்கள் போட்ட வெள்ளைப் பசையை வெதுவெதுப்பான வினிகரில் ஊறவைத்து, வெறும் மரம் தெரியும்வரை சுரண்டி எடுத்தாக வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

ஃபெல்ட்டை மாத்தலாமா? பச்சைதான் போடணுமா?

மாற்றுவதற்கு முன்னால் நன்றாகப் பாருங்கள். நான் உருவிய ஒரு ஃபெல்ட்டில் மைக்ரோமீட்டரின் வளைவு, வெளிறாத அடர்பச்சையில் அப்படியே பதிந்திருந்தது. பக்கத்தில் ஆறங்குல ஸ்கேல் கிடந்த கோடு. அந்தத் துண்டை மட்டும் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பூச்சி அரிக்காத, எண்ணெயில் ஊறாத ஃபெல்ட் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் தண்ணீர் போட்டுக் கழுவாதீர்கள். இழைகளுக்குள் பொடிப்பொடியாக இரும்புச் சீவல் இருக்கும், ஈரம் பட்டால் துரு பூக்கும். வேக்குவம் வைத்து இழுத்து, துணி சுற்றிய காந்தத்தை மேலே ஓட்டுங்கள். முகமூடி அவசியம்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் கம்பளி ஃபெல்ட் வாங்குங்கள். கைவினைக் கடை பாலியெஸ்டர் ஃபெல்ட் மெல்லியது, சீக்கிரம் உருண்டை கட்டும். பச்சை மரபு, சட்டமில்லை. சாயம் விடுகிறதா என்று ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிடுங்கள்.

பழைய ஃபெல்ட்டைக் காய்ந்தபடியே உரித்து, மிஞ்சிய வச்சிரத்தை ஈரத்துணியால் இளக்கிச் சுரண்டுங்கள். புதியதை நேராக மரத்தில் ஒட்டுவதைவிட, இழுப்பறையைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் சின்னதாக அமிலமில்லாத அட்டை வெட்டி, அதன்மேல் ஃபெல்ட்டைச் சுற்றி ஒட்டி, உள்ளே இறக்கிவிடுவது என் வழக்கம். நாளைக்கு வேறொருவர் மாற்ற நினைத்தால் மரத்தைத் தொடாமல் எடுத்துவிடலாம். நேராகத்தான் ஒட்டுவேன் என்றால் பசையை மரத்தில் மெல்லிசாகப் பூசி, கொஞ்சம் இறுகியதும் ஃபெல்ட்டை வையுங்கள். பசை அதிகமானால் ஊறி மேலே வந்து, காய்ந்த கஞ்சி மாதிரி விறைத்துவிடும்.

மூலைத்தகடெல்லாம் துரு. பாலிஷ் போட்டா மஞ்சளா வருது, பித்தளையா?

முலாம் தேய்ந்து அடியில் இருக்கும் பித்தளை தெரிகிறது, நிறுத்துங்கள். தேய்ந்த இடத்தில் துரு வந்தால் அடியில் எஃகு. எதுவானாலும் நிக்கல் முலாம் மிக மெல்லியது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கசக்கிய அலுமினியத் தாளால் லேசாகத் தேய்த்தாலே மேல்துரு போய்விடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கினால் முலாமே உரிந்து வரும்.

கழற்றும்போது திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரைப் பயன்படுத்துங்கள். அசையாத திருகின் தலையில் சால்டரிங் அயர்னின் நுனியை ஒரு நிமிஷம் வைத்து எடுத்தால் பிடி விடும். ஓக்கின் அமிலம் எஃகுத் திருகை உள்ளுக்குள்ளேயே அரித்திருக்கும், முரட்டுத்தனம் காட்டினால் தலை தனியாக வந்துவிடும்.

பெட்டி பூட்டியிருக்கு, சாவி இல்ல. உடைச்சிரட்டுமா?

வேண்டாம். மூடியின் விளிம்பை நெம்பினால் மரம் பெயரும், அதைச் சரிசெய்வது பூட்டைவிட நூறு மடங்கு தொல்லை. பூட்டின் முகத்தில் எண் பொறித்திருக்கிறதா பாருங்கள். பூட்டு வேலை தெரிந்தவர் அந்த எண்ணைக் கொண்டே சாவி வெட்ட முடியும். எண் இல்லாவிட்டாலும் அவர் திறந்துவிடுவார்.

முன்பலகை காணாமப் போச்சு. செஞ்சுக்கலாமா?

செய்யலாம். சந்தின் உயரத்தை இரண்டு ஓரத்திலும் நடுவிலும் அளந்து, அதில் குறைந்த அளவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கழித்துத் தடிமன் வையுங்கள். முன்னால் சொன்ன மாதிரி மையவாக்கில் அறுத்த பலகையே வேண்டும், இல்லாவிட்டால் வளைந்து சந்தில் சிக்கும். இரண்டு முகத்திலும் ஒரே அளவு பூச்சு அடியுங்கள். உள்ளே மறைந்துகொள்ளும் ஒரு விளிம்பில், செய்த வருஷத்தைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். பின்னால் வருபவரை ஏமாற்றக் கூடாது.

பூச்சு செதில் செதிலா உதிருது. இப்பவாவது எடுக்கலாமா?

ஷெல்லாக் என்றால் அப்போதும் எடுக்க வேண்டியதில்லை. தூரிகையில் ஸ்பிரிட் தொட்டு வேகமாக ஒரு இழுப்பு இழுத்தால் வெடிப்புகள் இளகி மூடிக்கொள்ளும். லாக்கருக்குத் தின்னரால் இதையே செய்யலாம், கை வேகம் வேண்டும். உண்மையிலேயே போய்விட்ட வார்னிஷ் என்றால் மட்டும் பெயின்ட் ரிமூவர். மெத்திலீன் குளோரைடு கலந்ததைத் தவிர்த்துவிடுங்கள். மூடிய அறையில் அதன் ஆவியில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள், அமெரிக்காவில் 2019-இலேயே பொதுமக்களுக்குப் பெயின்ட் நீக்க விற்பதைத் தடுத்தார்கள்.

புதுப் பூச்சுக்கு நான் ஷெல்லாக்தான் பூசுவேன். கரைத்து ஆறு மாதத்துக்கு மேலானதைப் பூசாதீர்கள், காயவே காயாது. ஆளிவிதை எண்ணெய் போடுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். சுருட்டிய துணி தானே சூடேறித் தீப்பிடிக்கும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

கருவிகளைத் திரும்ப உள்ளே வைச்சா துரு பிடிக்காதா? ஓக்கில அமிலம் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?

நல்ல மடக்கு. ஆமாம், ஓக் அசெட்டிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும், மூடிய பெட்டியில் அது தங்கும். அதனால்தான் மேலே உள்மரத்துக்கும் ஒரு கை ஷெல்லாக் என்றேன். ஃபெல்ட்டும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கருவியைக் கைவியர்வை போகத் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி வையுங்கள். பழைய மெஷினிஸ்டுகள் ஒரு கற்பூரக் கட்டியை இழுப்பறையில் போட்டு வைப்பார்கள். அது ஆவியாகி உலோகத்தின்மேல் மெல்லிய படலமாகப் படியும் என்பது கணக்கு. இன்றைக்குத் துருத் தடுப்புக் காகிதம் கிடைக்கிறது, அது இன்னும் நம்பகமானது. நான் இரண்டையும் வைக்கிறேன், கற்பூரம் வாசனைக்காக.

முன்னாடி யாரோ பாலியூரித்தேன் அடிச்சு, ஃபெல்ட்டுக்குப் பதிலா கார்பெட் ஒட்டி, புதுப் பித்தளைக் குமிழ் போட்டிருக்காங்க. எதை முதல்ல திருத்தறது?

கார்பெட்டை முதலில் எடுங்கள். தடிமனால் இழுப்பறையின் ஆழத்தைத் தின்றிருக்கும், மைக்ரோமீட்டர் மேலே இடிக்கும். அடுத்து குமிழ். பழைய துளையும் புதிய துளையும் ஒன்றா என்று உள்பக்கமிருந்து பாருங்கள். பெரிதாக்கியிருந்தால் அதே மரத்தில் முளை சீவி, வச்சிரம் தொட்டு அடைத்துவிட்டுப் புதிதாகத் துளையிடுங்கள்.

பாலியூரித்தேனைக் கடைசியில் யோசிக்கலாம். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அது மரத்தைக் கெடுக்கவில்லை. என்னிடம் அப்படி ஒரு பெட்டி மூன்று வருஷமாக நிற்கிறது, இன்னும் மனசு வரவில்லை.